சொல்லி அடிக்கும் ஆட்டம்

பழைய வீடியோ கேம் ஒன்றை நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஏன் ஆடுகிறார்கள் என்று கேட்டால், முதலில் வரும் பதில் சிறுவயது ஞாபகம் என்பதுதான். ஆடியவர்களுக்கு வயதாகிவிட்டது, அந்த ஆட்டத்தோடு பழைய வீடும் பழைய கூட்டாளிகளும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் பிடிக்கிறது என்பார்கள். நின்டெண்டோ நிறுவனத்தின் ‘பஞ்ச்-அவுட்’ என்ற குத்துச்சண்டை ஆட்டத்தைப் பற்றி வந்திருக்கும் எழுத்தில் பெரும்பகுதி இந்தப் பதிலைச் சுற்றியே நிற்கிறது. அமெரிக்காவில் இருந்து பார்த்தால் அது போதுமானதாகத் தோன்றலாம். விருதுநகரில் இருந்து பார்த்தால் போதாது. 1990-களில் எங்கள் ஊரிலும் சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கமும் டிவி கேம் வைத்திருந்த வீடுகளில் மரியோ இருந்தது, கான்ட்ரா இருந்தது, டாங்கி ஆட்டம் இருந்தது. பஞ்ச்-அவுட் இருந்த ஒரு வீட்டையும் நான் பார்த்ததில்லை. இன்று அதை விரும்பி ஆடும் எங்கள் பக்கத்துக்காரர்கள் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பல ஆண்டுகள் கழித்து, எந்த முன் ஞாபகமும் இல்லாமல், அதைச் சந்தித்தவர்கள். ஞாபகம் என்ற காரணத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது அந்த ஆட்டம் செய்யப்பட்டிருக்கும் விதம் மட்டும்தான்.

அது ஏன் வரவில்லை என்பதற்குத் தெளிவான ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. லிட்டில் மாஸ்டர், சாமுராய் என்ற பெயர்களில் நம் கடைகளில் விற்றவை நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் வழிவந்தவை. அவற்றுக்கான கேசட்டில் ‘76 ஆட்டம்’, ‘400 ஆட்டம்’ என்று போட்டிருக்கும். அந்தப் பட்டியலில் பாதி ஒரே ஆட்டத்தின் வெவ்வேறு கட்டங்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு கேசட்டில் இத்தனையையும் அடைக்க வேண்டும் என்றால் ஆட்டங்கள் சிறியவையாக இருக்க வேண்டும். நிரலுக்கும் படத்துக்கும் சேர்த்து 40 கிலோபைட் மட்டுமே கொண்ட, தனி உதவிச் சில்லு எதுவும் தேவைப்படாத, தொடக்ககால ஆட்டங்கள்தான் அதற்குத் தோதானவை. பஞ்ச்-அவுட் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. திரையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் குத்துச்சண்டை வீரனை அந்தச் சின்னக் கருவியில் காட்டுவதற்காகவே எம்எம்சி2 என்ற சில்லை நின்டெண்டோ செய்தது. திரையில் குறிப்பிட்ட ஒரு படத்துண்டு வரையப்பட்ட நொடியிலேயே அடுத்த படத்தொகுதிக்குத் தானாக மாறிக்கொள்ளும் சில்லு அது. அதைப் பயன்படுத்திய ஆட்டம் உலகத்திலேயே பஞ்ச்-அவுட் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒன்றை மலிவான கேசட்டில் நகலெடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகியிருக்காது.

அந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது ‘அர்பன் சாம்பியன்’. 1984-இல் நின்டெண்டோவே செய்ததுதான். தெருவில் இரண்டு பேர் நின்று குத்திக்கொள்வார்கள், மேலே ஜன்னலில் இருந்து யாராவது பூந்தொட்டியைத் தள்ளிவிடுவார்கள், போலீஸ் கார் வந்தால் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் போலப் பிரிந்துபோவார்கள். இரண்டு நாளில் சலித்துவிடும். ஏன் சலிக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். எதிரே நிற்பவன் எப்போது குத்துவான், மேலே குத்துவானா கீழே குத்துவானா என்று ஊகிக்க அதில் பிடிமானமே கிடையாது. பொத்தானை வேகமாக அமுக்கியவன் ஜெயிப்பான். இதோடு ஒப்பிட்டால் கொனாமியின் ‘யீ ஆர் குங்ஃபூ’ எவ்வளவோ மேல். சங்கிலி வைத்திருப்பவன், நட்சத்திரம் எறிபவள் என்று ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு குணம் இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் அதைத்தான் மறுபடி மறுபடி போட்டார்கள். எதிராளிக்குக் குணம் இருந்தால்தான் மறுபடி ஆடத் தோன்றும் என்பதற்கு அந்த கேசட்டே சாட்சி.

பஞ்ச்-அவுட் இந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதன் கடைசி எல்லை வரை போனது. வந்த கதை வேடிக்கையானது. ‘டாங்கி காங்’ அமோகமாக ஓடிய பிறகு நின்டெண்டோவிடம் டிவி திரைகள் அளவுக்கு மீறித் தேங்கிவிட்டன. ஒரே பெட்டியில் இரண்டு திரை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். கென்யோ டகேடா வடிவமைத்தார், ஷிகெரு மியாமோட்டோ உருவங்களை வரைந்தார். 1984-இல் ஆர்கேட் கூடங்களுக்கு வந்த அந்தப் பெட்டியில் மேல்திரை புள்ளிக்கணக்குக்கு, கீழ்த்திரை சண்டைக்கு. நாம் ஆட்டும் வீரனின் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்கிறோம். அவன் உடம்பு எதிராளியை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக அவனைப் பச்சைக் கம்பிக் கோட்டுருவமாக, உள்ளே எல்லாம் தெரிகிற மாதிரி வரைந்தார்கள். நம் ஆளை மறைத்தாவது எதிராளியைக் காட்டு என்ற அந்த முடிவில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது.

1987-இல் வீட்டுக் கருவிக்கு அது வந்தபோது கம்பிக்கோடு போய், எதிராளியின் இடுப்புயரம் மட்டுமே உள்ள ஒரு பொடியன் வந்தான். பெயர் லிட்டில் மேக், வயது 17, எடை 107 பவுண்டு. ஜப்பானில் முதலில் இது விற்பனைக்கே வரவில்லை. கோல்ஃப் ஆட்டப் போட்டி ஒன்றின் பரிசாகத் தங்கநிற கேசட் 10,000 பேருக்குக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும்போது, 1986 நவம்பரில் இருபது வயதில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றிருந்த மைக் டைசனைக் கடைசி எதிராளியாகச் சேர்த்தார்கள். நின்டெண்டோ அமெரிக்கக் கிளையின் தலைவர் மினோரு அரகாவா டைசனின் சண்டையை நேரில் பார்த்து மயங்கியதன் விளைவு அது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் விழுந்தார். ஒப்பந்தமும் முடிந்திருந்ததால் அதே ஆண்டு டைசன் இருந்த இடத்தில் ‘மிஸ்டர் ட்ரீம்’ என்ற கற்பனை வீரனை வைத்து மறுபதிப்பு வந்தது. முகம் மட்டும்தான் மாறியது, குத்தெல்லாம் அதே குத்து. டைசனின் புகழ்தான் இந்த ஆட்டத்தைத் தூக்கிப்பிடிக்கிறது என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம். மிஸ்டர் ட்ரீம் பதிப்பும் அதே மாதிரிதான் உயிரோடு இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன? ஒவ்வொரு எதிராளியும் குத்துவதற்கு முன் ஓர் அடையாளம் காட்டுவான். ஜெர்மனிக்காரன் வான் கைசர் தலையை ஆட்டுவான். ஜப்பான்காரன் பிஸ்டன் ஹோண்டாவின் புருவம் துடிக்கும். கிங் ஹிப்போ வாயைத் திறந்தால் மட்டும்தான் அடி விழும். வாயில் குத்தினால் கால்சட்டை அவிழும், அதைப் பிடிக்கக் கை இறங்கும்போது வயிற்றில் குத்தலாம், ஒருமுறை விழுந்தால் எழுந்திருக்கவே மாட்டான். அடையாளத்தைப் பார்த்து இடமோ வலமோ ஒதுங்கினால் எதிராளி ஒரு கணம் திறந்து நிற்பான், அப்போதுதான் நம் முறை. அவசரப்பட்டுக் குத்தினால் கையுறையில் பட்டு நம் இதயக்கணக்கு குறையும். கணக்கு தீர்ந்துபோனால் பொடியன் நிறம் மாறிக் களைத்து நிற்பான். அப்போது குத்தவே முடியாது, ஒதுங்க மட்டும்தான் முடியும்.

துருக்கிக்காரன் பால்டு புல்லை எடுத்துக்கொள்வோம். அந்தச் சண்டைதான் இந்த ஆட்டத்தின் பள்ளிக்கூடம். வளையத்தின் மூலைக்குப் பின்வாங்குவான். அங்கிருந்து குதித்துக் குதித்து நம்மை நோக்கி ஓடி வருவான். வந்து சேர்ந்தால் ஒரே குத்தில் நாம் தரையில் கிடப்போம். ஒதுங்கித் தப்பிக்கலாம், ஆனால் மறுபடியும் வருவான். சரியான நொடியில் வயிற்றில் ஒரே ஒரு குத்து விட்டால் அவன் விழுவான். ஒரு நொடியின் சின்னப் பங்கு முந்தினாலும் பிந்தினாலும் வேலைக்கு ஆகாது. முதலில் ஆடுகிறவர்கள் பயந்துபோய் முன்கூட்டியே குத்திவிடுவார்கள். காத்திருப்பதுதான் இங்கே கற்க வேண்டிய பாடம்.

இந்தக் காத்திருப்பு எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பழக்கமானது. அணுகுண்டு வெடியின் திரியைக் கிள்ளி, ஊதுவத்தியைக் கை நீட்டி வைத்து, பொறி பற்றியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லித்தருவார்கள். பற்றுவதற்கு முன் ஓடினால் வெடி வெடிக்காது. பற்றியது தெரியாமல் குனிந்து பார்த்தால் முகம் போய்விடும். திரி தன் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் எரிகிறது. பயத்தை அடக்கிக்கொண்டு அதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை பால்டு புல்லைச் சீக்கிரம் பிடித்துவிடும் என்பது என் அனுமானம். இதற்குக் கணக்கெடுப்பு எதுவும் கிடையாது, பார்த்துப் பழகியதில் இருந்து சொல்கிறேன்.

இங்கே இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986-இல், பஞ்ச்-அவுட் விற்பனைக்கு வந்தது அடுத்த ஆண்டு. எங்கள் வட்டாரத்தில் டிவி கேம் இருந்த வீடுகளுக்கு இரண்டு தெரு தள்ளி, அதே வயதுப் பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கிக்கொண்டும் பெட்டி ஒட்டிக்கொண்டும் இருந்த காலம் அது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ள ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதை விட்டுவிட்டு எங்கள் வட்டாரத்தின் விளையாட்டு வரலாற்றை எழுத முடியாது. பின்னால் மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாடகைக்கு ஆடவிடும் வீடியோ கேம் கடைகள் வந்தபோதும் இதே கதைதான். கையில் அரை மணி நேரக் காசு மட்டும் உள்ள பையன் பத்துமுறை விழுந்து எழ வேண்டிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டான்.

பஞ்ச்-அவுட் எங்களிடம் வந்து சேர்ந்தது பிரவுசிங் சென்டர் காலத்தில், எமுலேட்டர் நிரல் வழியாக. எமுலேட்டரில் எந்த நொடியிலும் ஆட்டத்தை உறையவைத்துச் சேமித்துக்கொள்ளலாம், விழுந்தால் அந்த நொடிக்கே திரும்பலாம். இந்த ஆட்டத்தை அப்படி ஆடவே கூடாது என்பேன். அசல் கேசட்டில் இருந்தது பத்து எண் கொண்ட கடவுச்சொல் மட்டுமே. 007 373 5963 என்று போட்டால் நேரே டைசன் முன்னால் போய் நிற்கலாம். இந்த எண்ணை உலகம் முழுக்க மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். கரண்ட் போய் வந்தாலும் எண் தலையில் இருக்கும், கற்ற வித்தை கையில் இருக்கும். மேக்கின் பலம் முதல் சண்டையில் எவ்வளவோ கடைசிச் சண்டையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். வளர்வது ஆடுகிறவர் மட்டுமே. இன்றைய ஆட்டங்கள் நேரம் செலவழித்தால் பாத்திரத்தின் பலத்தைக் கூட்டித் தருகின்றன, காசு கொடுத்தாலும் தருகின்றன. பஞ்ச்-அவுட்டில் எதையும் வாங்க முடியாது.

எதிராளிகளில் ஓர் இந்தியனும் உண்டு. பெயர் கிரேட் டைகர், ஊர் பம்பாய். தலைப்பாகை, அதன் நடுவில் ஒரு மணிக்கல், மீசை, மந்திரம். குத்துவதற்கு முன் அந்தக் கல் மின்னும். சண்டை முற்றினால் மாயமாகச் சுழன்று சுழன்று வந்து ஐந்து முறை தாக்குவான். ஐந்தையும் தடுத்துவிட்டால் தலைசுற்றி நிற்பான், ஒரு குத்தில் விழுவான். ஆட்டமாகப் பார்த்தால் மிக நேர்த்தியான சண்டை. சித்திரமாகப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். இந்தியா என்றதும் பாம்பாட்டியும் மாயாஜாலமும் நினைவுக்கு வந்த பழைய பார்வை அது. ரஷ்யக்காரனுக்கு ஆர்கேடில் முதலில் வோட்காவைக் குறிக்கும் பெயர் வைத்து, வீட்டுப் பதிப்பில் ‘சோடா பாப்பின்ஸ்கி’ என்று மாற்றினார்கள். பிரெஞ்சுக்காரன் கிளாஸ் ஜோ நூறு சண்டையில் 99 தோற்றவன். எல்லா நாட்டையும் இப்படித்தான் கேலி செய்தார்கள், அதனால் பரவாயில்லை என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. 2009-இல் வந்த வீ கருவிப் பதிப்பிலும் கிரேட் டைகர் பெரிதாக மாறவில்லை, இந்தி மட்டும் பேசினான். ஹவா சிங்கும் மேரி கோமும் விஜேந்தர் சிங்கும் ஆடிய நாட்டுக்கு இதைவிட நல்ல வீரன் ஒருவனைக் கொடுத்திருக்கலாம். ஆட்டத்தின் மீதுள்ள பிரியம் இதைக் கண்ணில் இருந்து மறைக்க வேண்டியதில்லை.

மற்ற குத்துச்சண்டை ஆட்டங்களை ஒருமுறை பார்த்துவிடுவோம். சேகாவின் ‘ஹெவிவெயிட் சாம்ப்’ 1976-லேயே கையுறை வடிவக் கைப்பிடிகளோடு வந்தது. அட்டாரி கருவிக்கு 1980-இல் பாப் வைட்ஹெட் எழுதிய ‘பாக்ஸிங்’ வளையத்தை மேலே இருந்து காட்டியது. இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னர் குத்துச்சண்டை வீரர் ஹோலிஃபீல்டு பெயரில் ஓர் ஆட்டம் வந்தது, இன்னும் பலர் பெயரில் வந்தன. 2004-இல் தொடங்கிய ‘ஃபைட் நைட்’ வரிசை கைப்பிடியின் குச்சியைச் சுழற்றிக் குத்தும் முறையைக் கொண்டுவந்தது. வியர்வை தெறிப்பது, கன்னம் நெளிவது எல்லாம் பார்க்க அபாரம். 2024-இல் ‘அன்டிஸ்பியூட்டட்’ முழுமையாக வெளியானது. இவை எல்லாம் நிஜத்தை நெருங்க முயன்றவை, நிஜத்தை நெருங்கும் ஆட்டம் அடுத்த தொழில்நுட்பம் வந்ததும் பழசாகிவிடும். பஞ்ச்-அவுட் நிஜத்தைப் போட்டிக்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அதை முந்த எதனாலும் முடியவில்லை.

குத்துச்சண்டையின் நிஜத்தைத் தொடவில்லை என்று சொல்லிவிட முடியுமா என்றால், அதுவும் முடியாது. 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யில் மக்கள் யாரைத் தூக்கிக் கொண்டாடினார்கள்? நாயகனுக்கு இணையாக, ஷபீர் கல்லரக்கல் ஆடிய டான்ஸிங் ரோஸை. அவன் படத்தில் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் அவன் காலுக்கு ஒரு தாளம் இருந்தது, உடம்புக்கு ஒரு பாஷை இருந்தது. அந்தப் பாஷை பிடிபடும் வரை நாயகன் கபிலன் வாங்கிக்கொண்டே இருக்கிறான், பிடிபட்ட பிறகு கொடுக்கிறான். வடசென்னையின் வாத்தியார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததும் எதிராளியின் தோளையும் காலையும் பார் என்பதைத்தான். 1980-இல் சென்னைக்கு வந்த முகமது அலி ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடியபோது கூட்டம் கண்கொட்டாமல் பார்த்ததும் அந்தக் கால்களைத்தான் என்று நினைக்கிறேன். டகேடாவின் குழு எடை, களைப்பு, வலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குத்துச்சண்டையில் இருந்து இந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தது.

பிரித்தெடுத்தது எவ்வளவு ஆழமானது என்பது பின்னால்தான் தெரிந்தது. பால்டு புல் ஓடி வரும்போது, கூட்டத்தில் ஒருவரின் கேமரா ஃபிளாஷ் மின்னும் நொடிதான் குத்த வேண்டிய நொடி என்பதைச் செய்தவர்களே 2009-இல் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடியவர்களில் பலர் அந்த மின்னலை அலங்காரம் என்றே நினைத்திருந்தார்கள். 2016-இல் இன்னொன்று அகப்பட்டது. பிஸ்டன் ஹோண்டாவின் இரண்டாவது சண்டையில், முன்வரிசையில் இருக்கும் தாடிக்காரர் ஒருவர் சரியான தருணத்தில் தலையைக் குனிகிறார். கண்டுபிடித்தவர் சாதாரண ஆட்டக்காரர் ஒருவர். ஆட்டம் முப்பது ஆண்டுகளாகக் குறிப்புச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் நமக்கு அத்தனை காலம் பிடித்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தத்தை மட்டும் கேட்டு டைசன் வரை போனதை வேக ஆட்ட விழாக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். டைசனைக் குறைந்த நேரத்தில் வீழ்த்துவது தனிப் போட்டியாகவே வளர்ந்துவிட்டது. சம்மனிங் சால்ட் என்ற பெயரில் இயங்கும் ஆட்டக்காரர் ஐந்து ஆண்டுகள், பல்லாயிரம் முயற்சிகளுக்குப் பிறகு, 2025-இன் தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்குள் அதை முடித்தார். நூறில் சில பங்கு நொடிக்காக ஐந்து ஆண்டுகள். டைசன் முதல் தொண்ணூறு நொடிகளுக்கு ஒரே குத்தில் சாய்க்கும் அப்பர்கட்டை மட்டுமே விடுவார். அந்தத் தொண்ணூறு நொடியைக் கடந்தவர்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் பெரிய அதிசயமாகத் தோன்றாது.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். இப்போதுள்ள தட்டை டிவிகள் படத்தைச் செம்மைப்படுத்தும் வேலையில் ஒரு நொடியின் சின்னப் பங்கைத் தாமதிக்கின்றன. மரியோவில் அது தெரியாது, இங்கே அடியே வாங்க வைத்துவிடும். பழைய குழாய் டிவியில் இந்தத் தாமதம் கிடையாது. வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் தூக்கிப்போடாமல் இறக்கிவையுங்கள். இல்லையென்றால் டிவியின் அமைப்புகளில் ‘கேம் மோட்’ என்று இருப்பதைத் தேடிப் போட்டுவிட்டு உட்காருங்கள். மிஸ்டர் ட்ரீம் பதிப்பு நின்டெண்டோ ஸ்விட்ச் சந்தாவில் முறையாகவே கிடைக்கிறது. கிளாஸ் ஜோவை எல்லாரும் ஜெயிப்பார்கள். வான் கைசர் தலையை ஆட்டுகிற சண்டையில் இருந்து கையைக் கட்டுப்படுத்தி, கண்ணை வேலை செய்யவிடுங்கள். பால்டு புல்லிடம் போகும்போது அது பயன்படும்.